குரோனர் கணக்கும் குமணன்சாவடிக் கணக்கும்

குமணன்சாவடியிலும் அதையடுத்த காட்டுப்பாக்கம், கரையான்சாவடி முதலிய இடங்களிலும் இப்பொழுது ஒரு புதிய பெருக்கல் வாய்ப்பாடு வழங்கி வருகிறது. நார்வே தேசத்தில் பையனுக்கு உத்தியோகமாகியிருக்கிறது. மாதச் சம்பளம் 55,000 குரோனர். குரோனர் ஒன்றுக்கு எட்டு ரூபாய் வீதம் பெருக்கினால் 4,40,000 ரூபாய். பெண் வீட்டார் அகமகிழ்கிறார்கள். பாங்கிக்காரர் தாமே எழுந்து நாற்காலி போடுகிறார். இதே வாய்ப்பாட்டைத் தலைகீழாகப் பிடித்து, ஒஸ்லோ நகரில் ஒரு கோப்பைக் காப்பி ஐம்பது குரோனர், ஆகவே நானூறு ரூபாய். கிராப்பு வெட்டிக்கொள்ள ஐந்நூறு குரோனர், ஆகவே நாலாயிரம் ரூபாய் என்று சொல்லித் தலையில் கைவைத்துக் கொள்கிறவர்களும் உண்டு. இரு திறத்தாரும் கணக்குப் போடத் தொடங்கிய இடமே பிசகு என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவதாக, 2024ஆம் வருஷத்தில் நார்வே தேசத்தாரின் சராசரி மாதச் சம்பளமே 55,000 குரோனரைத் தாண்டியிருந்தது. இங்கே பெருந்தனவான் போலத் தோன்றும் அந்த வாலிபர் அங்கே போய் இறங்கியதும் சாமானியரில் ஒருவராகி விடுகிறார். சம்பளத்தில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு வரியாகப் போகிறது. புதிதாக வருவோரில் ஒரு வரம்புக்குட்பட்ட சம்பளம் பெறுகிறவர்களுக்கு முதல் வருஷத்தில் சரியாக நூற்றுக்கு 25 என்றே ஓர் ஏற்பாடு உண்டு. கையில் நிற்பது சுமார் 41,000. ஒஸ்லோவில் ஒரு சிறு வீட்டின் வாடகை 13,000 முதல் 16,000 வரை. மற்றதில்தான் உண்பதும் உடுப்பதும் ஊருக்கு அனுப்புவதும்.

நாணய மாற்றின் சங்கதியும் ஒன்று உண்டு. 2013, 2014 வருஷங்களில் குரோனர் ஒன்றுக்குச் சுமார் பத்து ரூபாய் கிடைத்தது. 2023இல் அது எட்டு ரூபாயளவுக்கு இறங்கிவிட்டது. பத்தை நம்பி ஊரில் ரூபாய்க் கடன் வாங்கியவர், தாம் யாதொரு குற்றமும் செய்யாமலே ஐந்திலொரு பங்கு இழந்தார்.

இனி, அங்கே விலையேறியது எது என்பதை விசாரிப்போம். கைப்பேசியோ கணினியோ நமது மவுண்ட் ரோட்டு விலைக்கு வெகு தூரத்தில் இல்லை. உணவுப் பொருள்களுக்கு நூற்றுக்கு 15, ஏனைய பெரும்பாலான சரக்குகளுக்கு 25 என்று விற்பனை வரி இருந்தபோதிலும், பாலும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் அந்நாட்டுச் சம்பளக்காரனைக் கசக்கிப் பிழிவதில்லை. மனிதனுடைய கை எங்கே படுகிறதோ அங்கேதான் விலை துள்ளி எழுகிறது. தலைமயிர் வெட்டுவது, தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பது, சுவருக்கு வர்ணம் பூசுவது, சமைத்த உணவை மேஜைக்குக் கொண்டுவந்து வைப்பது ஆகிய இவையே குமணன்சாவடிக்காரரைத் திடுக்கிட வைக்கும் செலவுகள். காரணம் இரகசியமன்று. அந்நாட்டில் எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொள்ளும் ஒப்பந்தமே கூலியை நிர்ணயிக்கிறது. 1993ஆம் வருஷத்துச் சட்டமொன்றின்படி அவ்வொப்பந்தக் கூலியைச் சில தொழில்களில் சங்கத்தில் சேராதவருக்கும் அந்நியருக்கும் கட்டாயமாக்கலாம். துப்புரவுத் தொழில் அவற்றில் ஒன்று. தரையைப் பெருக்கித் துடைப்பவருக்கு மணிக்கு இருநூறு குரோனருக்கு மேல் கொடுத்தாக வேண்டும். எஞ்சினியருக்கும் பெருக்குகிறவருக்கும் அங்கே சம்பள வித்தியாசம் உண்டு. ஆனால் ஒருவர் மற்றவரை வேலைக்காரராக வைத்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு இல்லை.

நமது ஊரின் மலிவைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்க விரும்புகிறோம். அந்த மலிவு யாருடைய செலவில் நடக்கிறது? ஐயப்பன்தாங்கல் அடுக்கு வீடுகளுக்கு விடியற்காலையில் நடந்து வந்து பாத்திரம் துலக்கும் ஸ்திரீயின் கூலியிலல்லவா நமது வாழ்க்கைச் செலவு குறைந்திருக்கிறது? வீட்டு வேலை செய்வோருக்கென்று நமது சர்க்கார் 2018ஐயொட்டிக் குறித்த கூலியே மணிக்கு நாற்பது ரூபாய்க்கும் குறைவு. பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனி 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தபோது அதை நாம் மாலையிட்டு வரவேற்றோம். வடதேசத்தில் விலையேறிய கைகளுக்குப் பதிலாக மலிவான கைகளைத் தேடித்தான் அக்கம்பெனி வந்தது. 2014 நவம்பர் முதல் தேதி கதவைச் சாத்திக்கொண்டு போயிற்று. நம்மவர் அங்கே போய் நாலாயிரம் ரூபாய்க்கு மயிர் வெட்டிக்கொள்வதும் அவர்கள் இங்கே வந்து ஆலை வைத்ததும் ஒரே விலைப்பட்டியலின் இரண்டு பக்கங்கள்.

செலுத்திய வரிக்குப் பிரதியாக என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. குழந்தைகள் காப்பகத்துக்கு மாதம் 3,000 குரோனர் வரை வாங்கலாம் என்று 2023இல் இருந்த உச்ச வரம்பு, 2024 ஆகஸ்டில் 2,000 ஆகி, 2025 ஆகஸ்டில் 1,200 ஆகக் குறைந்தது. சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சம்பளம் இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் எழும்பியுள்ள தனியார் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்த்த தகப்பன்மார்களுக்கு இதன் பெறுமதியை நாம் விளக்க வேண்டியதில்லை. வைத்தியச் செலவில் நோயாளி தம் பங்காகக் கொடுப்பது வருஷத்தில் மூவாயிரத்துச் சொச்சம் குரோனரை எட்டிவிட்டால், அதற்குமேல் அவ்வருஷத்தில் கொடுக்க வேண்டுவதில்லை. பல் வைத்தியம் மட்டும் இதில் சேராது. வயது வந்தவர்கள் பல்லுக்குக் கைப்பணமே கொடுக்க வேண்டும். ஆகையால் சொத்தைப் பல் உள்ளவர்கள் இங்கேயே அதைப் பிடுங்கிக்கொண்டு கப்பலேறுவது உசிதம்.

குடிக்கிறவர்களுக்கும் ஒரு சேதி. நம்மிடம் உள்ளதுபோல அங்கேயும் மதுக்கடை சர்க்காருடையதே. 1922 முதல் நடக்கிறது. ஆனால் ஜனங்கள் குறைவாகக் குடிக்கவேண்டும் என்பதற்காக விலையை உயர்த்தி, ஞாயிற்றுக்கிழமை மூடி வைக்கிறார்கள். வருமானம் பெருகியதென்று அறிக்கை வாசிப்பதற்காக அன்று.

ஆக, அந்த வாழ்க்கை யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? கணவனும் மனைவியும் இருவரும் சம்பாதித்து, சிறு குழந்தைகளுடன் பத்து வருஷம் நிலைத்து வாழ்கிறவர்களுக்கு அது தாளும். சிலருக்கு மிகவும் தாளும். கம்பெனியால் ஒன்றரை வருஷத்துக்கு அனுப்பப்பட்டு, வரியைக் கட்டிவிட்டுப் பள்ளியையோ காப்பகத்தையோ கண்ணாலும் பாராமல் திரும்பும் தனியாளுக்கு அப்படியல்ல. ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமது வழக்கத்தை அங்கே கொண்டுபோனவருக்கும் அப்படியல்ல. அவருடைய மனைவி இங்கே பட்டம் பெற்றவளாயிருந்தும், நார்வேஜிய பாஷை வராத காரணத்தால் பள்ளிக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ உத்தியோகம் பெறாமல் வீட்டிலிருக்கிறாள். இரண்டு சம்பளத்துக்கென்று ஏற்பட்ட தேசத்தில் ஒரு சம்பளம் நொண்டுவது இயல்பே.

இதற்கு யாழ்ப்பாணத்துச் சகோதரர்களின் சரித்திரமே சாட்சி. 1956இல் அந்தோனி ராஜேந்திரம் என்பவர் நார்வே போய்ச் சேர்ந்தது முதல் அந்தத் தொடர்பு தொடங்குகிறது. இலங்கையில் கலகம் மூண்ட எண்பதுகளில், அவருக்குப் பின் சென்றவர்களில் பலர் வடகோடியான பின்மார்க் பிரதேசத்தில், மாதக்கணக்கில் சூரியனைக் காணாத ஊர்களில், மீன் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்தார்கள். ஸ்திரீகளும் செய்தார்கள். பாஷையைக் கற்றார்கள், நிலைத்தார்கள். மூன்று வயதில் அங்கே சென்ற ஹம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் பார்லிமெண்டு அங்கத்தினரும் ஆனார். அவர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை என்ற கொடுமையே அவர்களை நிலைக்க வைத்தது. நமது வாலிபர்களுக்கு ஊர் இருக்கிறது. அதில் ஒரு வீடும் இருக்கிறது. நமது கவலை அந்த வீட்டைப் பற்றியது.

2023 இலையுதிர் பருவம் வரையில் நார்வேயின் பொதுச் சர்வகலாசாலைகளில் அந்நியருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. அப்பருவம் முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் விதித்தார்கள். டென்மார்க் 2006லும், ஸ்வீடன் 2011லும், பின்லாந்து 2017லும் செய்ததையே இவர்கள் கடைசியாகச் செய்தார்கள். கட்டணம் போக, ஒரு வருஷச் சாப்பாட்டுக்கென்று ஒன்றரை லட்சம் குரோனருக்கு மேல் கையிருப்புக் காட்ட வேண்டும். வாரத்துக்கு இருபது மணிக்கு மேல் கூலி வேலை செய்ய அநுமதி இல்லை. எனினும் “அங்கே படிப்பு இலவசம்” என்ற பழைய பேச்சு நமது கடைத்தெருவில் இன்னும் ஓயவில்லை. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட படிப்புக் கடனுக்குப் பாங்கிகள் ஈடு கேட்பது வழக்கம். அந்த ஈடு பெரும்பாலும் தகப்பனார் முப்பது வருஷம் உழைத்துக் கட்டிய வீடே. உத்தியோகத்துக்குப் போகிறவர்களும் நிச்சயத்தின்மேல் நிற்கவில்லை. அண்டை நாடான ஸ்வீடனில் வேலை அநுமதிக்குத் தேவையான சம்பளம் மாதம் 13,000 குரோனா என்றிருந்தது. 2023 நவம்பர் முதல் தேதி அது ஒரே நாளில் 27,360 ஆயிற்று. பிறகும் ஏறியது. சட்டம் இயற்றுவது அவர்கள் உரிமை. குறை சொல்ல நமக்கு இடமில்லை. சட்டம் மாறியதை ஈடு வைப்பவருக்கு யார் சொல்வது என்பதே நம் கேள்வி.

தரகர் சொல்லமாட்டார், அவர் பிழைப்பு அது. அயலகத் தமிழர் நலனுக்கென்று நமது சர்க்கார் ஒரு வாரியம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு தேசத்துக்கும் வரி, வாடகை, கட்டணம், அநுமதி விதிகள் இவற்றை எளிய தமிழில் அச்சிட்டு, விதி மாறும்போதெல்லாம் திருத்தி வெளியிடுவதைவிட அதற்கு வேறு அவசர வேலை என்ன இருக்கக்கூடும்? இந்தியாவுக்கும் நார்வேக்கும் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை 2015 ஜனவரி முதல் அமுலில் இருக்கிறது. கம்பெனியால் அனுப்பப்படுகிறவர் இங்கே பிராவிடண்டு பண்டு அலுவலகத்தில் சான்றிதழ் பெற்றுச் சென்றால் இரண்டு இடத்திலும் சந்தா கட்டவேண்டியதில்லை. வாடகை முன்பணம் ஆறு மாத வாடகைக்கு மேற்படக்கூடாது, குடியிருப்பவர் பெயரிலேயே தனிக் கணக்கில் பாங்கியில் இருக்கவேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டம். நமது 2017ஆம் வருஷச் சட்டமும், ஒப்பந்தம் வேறுவிதமாக இல்லாவிடில், மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது. குமணன்சாவடியில் பத்து மாதம் கொடுத்துக் குடியேறிய நேயர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் அங்கே அச்சட்டம் நடக்கிறது. இவற்றை அறியாமல் பணத்தை இழப்பது நியாயமில்லை.

வாரியம் விழிக்கும் வரையில், பூந்தமல்லி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு புறப்படும் தகப்பனார் பையனை இவ்வளவு கேட்கட்டும்: வரியும் வாடகையும் போக மாதம் மிஞ்சுவது எத்தனை குரோனர்? குரோனர் ஒரு ரூபாய் இறங்கினால் தவணை கட்ட முடியுமா? வேலை போனால் எத்தனை மாதம் அங்கே இருக்க அநுமதி? பதிலை வாய்மொழியாக வாங்க வேண்டாம். ஒரு தாளில் எழுதி வாங்கி, அதைப் படித்துப் பார்த்த பிறகு பத்திரத்தை வெளியே எடுக்கலாம்.