பயாலஜி தெரிஞ்ச பிள்ளைக்கு பயாலஜியில ஏன் மார்க் வரல?

1/ நீட் எழுதப்போற தம்பி தங்கச்சிங்க, அவங்க அப்பா அம்மா, பள்ளி ஆசிரியர்கள். இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், நேரம் இருக்கும்போது படிங்க. நீட் வேணுமா வேண்டாமாங்கறது தனி விவாதம், அதை இங்க பேசப் போறதில்ல. பரீட்சை இருக்கற வரைக்கும் அதை எழுதற பிள்ளைங்க இருப்பாங்க. அவங்களுக்காக இது.

2/ எங்க ஆஸ்பத்திரியில ஒப்பந்தத்துல வேலை பார்க்கற தூய்மைப் பணியாளர் அக்கா ஒருத்தங்க இருக்காங்க. 2025 நீட் ரிசல்ட் வந்த அடுத்த வாரம், நைட் டூட்டி முடிச்சு நான் கிளம்பும்போது வழியில நிறுத்தினாங்க. "சார், பாப்பா பப்ளிக்ல பயாலஜியில 93 வாங்கினா. நீட்ல அதே பயாலஜியில 360க்கு 170தான் வந்திருக்கு. பிட் அடிச்சுத்தான் 93 வாங்கினாளான்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க சார்."

3/ அந்தப் பொண்ணு பிட் அடிக்கல. வினாத்தாள், ஓஎம்ஆர் நகல், விடைக்குறிப்பு மூணையும் எடுத்துட்டு வரச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளோட உட்கார்ந்து பார்த்தேன். அதுல தெரிஞ்சதைத்தான் எழுதறேன். ஒரே பாடத்துல ரெண்டு பரீட்சை. ரெண்டுக்கும் மார்க் போடற விதி வேற. அந்த வித்தியாசத்தை அவளுக்கு யாருமே சொல்லித் தரல.

4/ முதல்ல பிளஸ் டூ. உயிரியல் எழுத்துத் தேர்வு 70 மார்க். தாவரவியல் 35, விலங்கியல் 35. ஒவ்வொண்ணுலயும் ஒரு மார்க் கேள்வி 8, ரெண்டு மார்க்ல ஆறுக்கு நாலு, மூணு மார்க்ல அஞ்சுக்கு மூணு, அஞ்சு மார்க் ரெண்டு. மீதி 30 மார்க்ல செய்முறை 20, அகமதிப்பீடு 10.

5/ இதுல 'சரியான விடையைத் தேர்ந்தெடு' எவ்வளவு? 8 + 8 = 16. நூத்துக்கு வெறும் 16. அதுவும் பெரும்பாலும் புக் பேக்ல பார்த்த மாதிரி கேள்விதான். தப்பா எழுதினா எதுவும் போகாது. மீதியெல்லாம் எழுதற கேள்வி. பாதி தெரிஞ்சா பாதி மார்க். படம் வரைஞ்சு பாகம் குறிச்சா அதுக்கும் மார்க்.

6/ அதனால நம்ம எல்லாருக்கும் ஸ்கூல்ல சொல்லித் தந்தது ஒண்ணுதான். "பேப்பரை வெறுமனே விடாதே, எதையாவது எழுதி வை, திருத்தறவர் ஏதாவது போடுவார்." எனக்கும் அதைத்தான் சொன்னாங்க. நான் பிளஸ் டூ முடிச்சது 2008ல. நுழைவுத்தேர்வை எடுத்தாச்சு, நீட் வரல. பயாலஜி 200ஐ 100 ஆக்கி, பிசிக்ஸ் 200ஐ 50 ஆக்கி, கெமிஸ்ட்ரி 200ஐ 50 ஆக்கி, 200க்கு கட் ஆஃப் போடுவாங்க. நெகட்டிவ் மார்க்னா என்னன்னே தெரியாம டாக்டர் ஆனவன் நான். இதை மறைக்க எதுவும் இல்ல.

7/ இப்ப நீட். 2025ல இருந்து 180 கேள்வி, 180 நிமிஷம், 720 மார்க். பிசிக்ஸ் 45, கெமிஸ்ட்ரி 45, பயாலஜி 90. அதாவது மொத்த மார்க்ல சரிபாதி, 360, பயாலஜி. 2021ல இருந்து 2024 வரைக்கும் 200 கேள்வி கொடுத்து 180க்கு பதில் எழுதச் சொன்னாங்க. அந்த சாய்ஸ் இப்ப இல்ல. பழைய வீடியோ பார்த்து ஏமாறாதீங்க.

8/ சரின்னா +4. தப்புன்னா -1. விட்டுட்டா 0. ஒரே கேள்விக்கு ரெண்டு வட்டத்தைக் கருப்பாக்கினா அதுவும் தப்புக் கணக்குதான், -1. பேனாவுல ஷேட் பண்ணினதை மாத்த முடியாது. பாதி தெரிஞ்சதுக்கு பாதி மார்க் கிடையாது.

9/ இந்தக் கணக்கு மனசுல பதிய ஒரு உதாரணம். எல்லாம் சரின்னா 720. ஒண்ணை விட்டா 716. ஒண்ணு தப்புன்னா 715. நடுவுல எந்த நம்பரும் வராது. 2024ல சிலருக்கு 718, 719னு வந்ததும் நாடே கேள்வி கேட்டது இதனாலதான். நேரம் இழந்ததா 1,563 பேருக்கு கருணை மதிப்பெண் கொடுத்தது அப்புறம்தான் வெளிய வந்துச்சு. பிறகு அதை ரத்து பண்ணிட்டாங்க.

10/ 716க்கும் 715க்கும் ஒரு மார்க்தானேன்னு தோணும். ஆனா சரியான விடைக்கும் தப்பான விடைக்கும் நடுவுல இருக்கறது 5 மார்க். 4 போச்சு, கூடவே 1 போச்சு. ஒவ்வொரு தப்பையும் அஞ்சாத்தான் எண்ணணும்.

11/ இப்ப அந்தப் பொண்ணோட பேப்பர். பயாலஜி 90லயும் ஒண்ணைக்கூட விடல. 52 சரி, 38 தப்பு. 208லிருந்து 38 போக 170. நல்லவேளையா, எதுல சந்தேகம்னு வினாத்தாள்லயே சின்னச் சின்னதா குறி போட்டு வச்சிருந்தா. அதை வச்சு 90 கேள்வியையும் மூணா பிரிச்சோம்.

12/ ஒண்ணு, சுத்தமா தெரியாம குத்துமதிப்பா போட்டது: 16. அதுல 4 சரி, 12 தப்பு. லாபம் +4.
ரெண்டு, 'இதுவா அதுவா'ன்னு ரெண்டுல ஒண்ணு போட்டது: 18. அதுல 9 சரி, 9 தப்பு. லாபம் +27.
மூணு, 'இது எனக்கு உறுதியா தெரியும்'னு போட்டது: 56. அதுல 39 சரி, 17 தப்பு. லாபம் +139.

13/ "நீ குருட்டாம்போக்குல போட்டதாலதான் போச்சு"ன்னு எல்லாரும் அவளைத் திட்டியிருக்காங்க. கணக்கு அப்படிச் சொல்லல. நாலு ஆப்ஷன்ல கண்ணை மூடிப் போட்டாலும் சராசரியா நாலுக்கு ஒண்ணு சரியா வரும். 4 வந்து 3 போகும். பெரிய லாபம் இல்ல, ஆனா நஷ்டமும் இல்ல. ஒரே நாள்ல அதிர்ஷ்டம் இப்படியும் போகும் அப்படியும் போகும், அதை நம்பி உட்காரக்கூடாது, அவ்வளவுதான். ஆப்ஷன்ல ரெண்டை உறுதியா அடிச்சுட முடிஞ்சா, மிச்ச ரெண்டுல ஒண்ணைப் போடறது எப்பவுமே சரியான முடிவு.

14/ அவளுக்கு உண்மையில அடி விழுந்தது மூணாவது கட்டத்துல. 'உறுதியா தெரியும்'னு போட்டுத் தப்பான 17. ஒவ்வொண்ணும் அஞ்சுன்னா 85 மார்க். அது மட்டும் சரியா இருந்திருந்தா 170 இல்ல, 255. அரசுப் பள்ளி 7.5 சதவீத ஒதுக்கீட்டுல போட்டி போடற ஒரு பிள்ளைக்கு 85 மார்க்னா என்னன்னு கவுன்சலிங் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

15/ அந்த 17ம் எந்த மாதிரி கேள்விங்க? இந்த மாதிரி. (இது நான் எழுதின உதாரணம்.) கூற்று 1: நுரையீரல் தமனியில் ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் ஓடுகிறது. கூற்று 2: எல்லாத் தமனிகளிலும் ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தமே ஓடுகிறது. "தமனின்னா சுத்த ரத்தம், சிரைன்னா அசுத்த ரத்தம்"னு மனப்பாடம் பண்ணின பிள்ளை, ஒரு நொடிகூட யோசிக்காம 'ஒண்ணு தப்பு, ரெண்டு சரி'ன்னு போடும். பதில் நேர் எதிர். தமனின்னா இதயத்துல இருந்து ரத்தத்தை வெளிய கொண்டுபோற குழாய். நுரையீரலுக்குப் போற ரத்தம் ஆக்ஸிஜன் வாங்கத்தானே போகுது?

16/ பாடமே தெரியாத பிள்ளைக்கு இதுல நாலுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு. அரைகுறையா தெரிஞ்ச பிள்ளைக்கு அதுவும் இல்ல. தப்பான ஆப்ஷனை எழுதறதே அரைகுறையா தெரிஞ்சவங்களைக் குறி வச்சுத்தான். கூற்று-காரணம், ரெண்டு கூற்று, பொருத்துக, 'தவறானது எது' எல்லாமே அப்படித்தான். அதே பிள்ளை அஞ்சு மார்க் கேள்வியில தமனி பத்தி ஒரு பக்கம் எழுதினா 4 மார்க் வாங்கிடும். 93 பொய்யில்ல. 170ம் பொய்யில்ல. ரெண்டும் அளக்கறது வேற வேற.

17/ இதை நான் கத்துக்கிட்டது பிஜி நீட்ல. 200 கேள்வி, அதே +4, -1. ரெண்டு தடவை எழுதி, நினைச்ச சீட் கிடைக்கல. தெரியாத கேள்வியால போனதைவிட 'இது சப்ப மேட்டர்'னு போட்டதுல போனதுதான் அதிகம். கேஷுவால்டியிலயும் இதே கதைதான். "நெஞ்செரிச்சல், கேஸ்தான்"னு நோயாளியும் சொல்வார், நமக்கும் அப்படித்தான் தோணும். அப்படித் தோணும்போதுதான் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்கணும். சந்தேகம் இருந்தா எப்படியும் எடுத்துடுவோம். ஆபத்து, சந்தேகமே வராத இடத்துல இருக்கு.

18/ சரி, என்ன பண்ணலாம்? மாதிரித் தேர்வு எழுதும்போது ஒவ்வொரு கேள்வி பக்கத்துலயும் குறி போடுங்க. உறுதின்னா டிக். ரெண்டுல ஒண்ணுன்னா வட்டம். தெரியலன்னா கேள்விக்குறி. திருத்தினதுக்கு அப்புறம் மொத்த மார்க்கை மட்டும் பார்த்துட்டு மூடி வைக்காதீங்க. மூணு கட்டத்துலயும் எத்தனை சரி, எத்தனை தப்புன்னு தனித்தனியா எழுதுங்க.

19/ கேள்விக்குறி அதிகம்னா அந்தப் பாடத்தைப் படிக்கவே இல்லைன்னு அர்த்தம், படிங்க. வட்டம் அதிகம்னா இன்னொரு தடவை திருப்பிப் பார்க்கணும். டிக் போட்டுத் தப்பாயிருந்தா, அந்த வரியை என்சிஇஆர்டி புத்தகத்துல தேடிப் பிடிச்சு, எந்த வார்த்தையில ஏமாந்தீங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. 'எல்லா', 'மட்டும்', 'எப்போதும்' மாதிரி வார்த்தைங்கதான் பெரும்பாலும் மாட்டும். பரீட்சைக்கு முந்தின வாரம் அந்த ஒரு நோட்டு போதும்.

20/ நேரமும் மார்க்தான். இந்தப் பொண்ணு பயாலஜிக்கே 80 நிமிஷம் எடுத்திருக்கா. கெமிஸ்ட்ரிக்கு 65. பிசிக்ஸ் 45 கேள்விக்கு மிச்சம் 35 நிமிஷம். பயாலஜியில கணக்குப் போடற வேலை குறைவு, அதனால 50 நிமிஷத்துக்குள்ள முடிச்சுப் பழகணும். ரேங்க்ல சமமா வந்தா முதல்ல பார்க்கறதும் பயாலஜி மார்க்தான்.

21/ தமிழ்ல எழுதறவங்களுக்கு: வினாத்தாள் ரெண்டு மொழியிலயும் வரும். மொழிபெயர்ப்புல முரண் வந்தா ஆங்கிலம்தான் செல்லும். 2018ல தமிழ் வினாத்தாள்ல 49 கேள்வி தப்பா இருக்குன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணினதும் ஞாபகம் இருக்கலாம். எனக்கு அது நியாயமாப் படல. ஆனா விதி இதுதான். அதனால தமிழ்லயே படிங்க, கலைச்சொல்லை மட்டும் ரெண்டு மொழியிலயும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

22/ பெற்றோர்களுக்கு ஒண்ணு. ரிசல்ட்ல 'தகுதி'ன்னு வந்தா சீட் கிடைச்சதுன்னு அர்த்தம் இல்ல. பொதுப்பிரிவுக்குத் தகுதி 50வது பர்சன்டைல். அது 50 சதவீத மார்க் இல்ல. எழுதினவங்கள்ல பாதிப்பேருக்கு மேல இருக்கீங்கன்னு அர்த்தம். 2025ல அது 720க்கு 144 மார்க்தான். 12 லட்சம் பேருக்கு மேல தகுதி பெற்றாங்க. நாட்டுல எம்பிபிஎஸ் சீட் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. "உங்க பொண்ணு பாஸ், சீட் வாங்கித் தரோம்"னு வர்ற போன் காலை நம்பி நகையை அடகு வைக்காதீங்க.

23/ ஆசிரியர்களுக்கு என் கோரிக்கை. பிளஸ் ஒன்ல இருந்தே வாரத்துக்கு ஒரு நாள், ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து, 45 பயாலஜி கேள்வி, 25 நிமிஷம், நெகட்டிவ் மார்க்கோட வைங்க. பழைய வினாத்தாள் இலவசமாவே கிடைக்குது. இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல, காசு இருக்கற வீட்டுப் பிள்ளைக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே பழகிடுது, அவ்வளவுதான். தூய்மைப் பணியாளர் பொண்ணு பரீட்சை ஹால்ல உட்கார்ந்துதான் முதல் தடவையா ஓஎம்ஆர்ல 180 கேள்விக்கான வட்டங்களைப் பார்த்தா. அந்த 85 மார்க்குக்கு அவ மட்டும் பொறுப்பில்ல.

24/ அவ என்ன ஆனான்னு கேப்பீங்க. மறுபடி எழுதறதா வேண்டாமாங்கறதை அவ முடிவுக்கே விடுங்கன்னு அக்காகிட்ட சொன்னேன். பி.எஸ்சி நர்ஸிங்குக்கு விண்ணப்பிச்சா. இங்க அதுக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு, அந்த 93 அங்க வேலை செஞ்சுது. இப்ப முதல் வருஷம். அவ தம்பி பிளஸ் ஒன் படிக்கறான், அவனுக்கு வாராவாரம் ஓஎம்ஆர் வச்சுத் திருத்தறது அவதான். போன வாரம் அவன் 'உறுதி'ன்னு டிக் போட்ட 30ல 5 தப்பாம். "ஆரம்பத்துல 11 இருந்துச்சு சார்"னு சொன்னா.

25/ கடைசியா, ரிசல்ட் பார்த்து மனசு உடைஞ்சு போனா யாருகிட்டயாவது பேசுங்க. 104க்கோ 14416க்கோ போன் பண்ணுங்க, இலவசம். பிள்ளைகிட்ட "ஏன் இவ்ளோ கம்மி"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, பேப்பரை எடுத்து வச்சு "எது எதுல உறுதியா இருந்தே"ன்னு கேளுங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டூட்டி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.