17-ஆ, 19-ஆ? முதல்ல பூட்டு எங்கேன்னு கேளுங்க



வழக்கமா இந்தப் பக்கத்துல உபயக்காரர் பெயர், அன்னதானப் பட்டியல், கூட்டுப்பணி நேரம் இதைத்தான் போடுவேன். இன்னிக்கு விஷயம் வேற. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம தோட்டத்துல பிறந்து, இப்போ அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல வேலை பார்க்கிற ஒரு தம்பி, வீட்டுப் பாதுகாப்புக்காக முதல் கைத்துப்பாக்கி வாங்கப் போறாராம். குளோக் 17 வாங்கலாமா, குளோக் 19 வாங்கலாமான்னு நம்ம இளைஞர் குழுவுல கேட்டிருந்தார். மூணு நாளா வாட்ஸ்அப்ல அதே பேச்சு. பேசினவங்க ஒருத்தரும் துப்பாக்கியைத் தொட்டவங்க இல்ல, எல்லாம் யூடியூப் பாடம். நானும் சுட்டவன் இல்ல. ஆனா முப்பது வருஷமா தேயிலை ஃபேக்டரியில மெஷின் பக்கத்துல ஆளுங்களை நிறுத்தி வேலை வாங்குறவன். துப்பாக்கியும் ஒரு மெஷின்தான். அந்த முறையில என் கருத்தைச் சொல்றேன்.

முதல்ல கேட்ட கேள்விக்குப் பதில். ரெண்டும் ஆஸ்திரியா நாட்டு கம்பெனியோடது, ரெண்டும் 9 மில்லிமீட்டர் தோட்டா. 17 பெரியது, ஆஸ்திரியா ராணுவம் 1982-ல எடுத்துக்கிட்டது. 19 அதோட தம்பி, 1988-ல வந்தது. 17-ல 17 தோட்டா பிடிக்கும், 19-ல 15. குழல் நீளம் 114 மில்லிமீட்டர், 102 மில்லிமீட்டர். எடையில சுமார் 30 கிராம்தான் வித்தியாசம். பெரிசு கையில நல்லா உட்காரும், உதைப்பு கொஞ்சம் குறைவா தெரியும். சின்னது இடுப்புல வைக்க வசதி. வீட்டுக்கு மட்டும்னா 17 போதும். அதுவும் பேப்பர்ல பார்த்து முடிவு பண்ணக் கூடாது. அங்க சுடும் பயிற்சி இடங்கள்ல வாடகைக்குத் தருவாங்க. ரெண்டையும் சுட்டுப் பார்த்து, விரல் விசைக்குச் சரியா எட்டுதா, மேல் தகட்டைச் சிரமமில்லாம பின்னால இழுக்க முடியுதான்னு பார்த்து எடுத்தா போதும்.

இவ்வளவுதான் மாடல் விஷயம். பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மூணு நாள் சண்டை போட்டோம். கேட்க வேண்டிய கேள்வி மூணு இருந்துச்சு, ஒருத்தரும் கேட்கல.

முதல் கேள்வி: தம்பி, உங்க விசா என்ன?

டெக்சாஸ்ல 2021 செப்டம்பர் 1-லிருந்து, 21 வயசு ஆகி சட்டத் தடை இல்லாதவங்க லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துட்டுப் போகலாம். இதைப் பார்த்துட்டு எல்லாருக்கும் திறந்த கதவுன்னு நம்ம ஆளுங்க நினைச்சுக்கிறாங்க. "சட்டத் தடை இல்லாதவங்க" என்ற வார்த்தையைக் கவனிங்க. அமெரிக்க மத்திய சட்டப்படி, ஹெச்-1பி மாதிரி தற்காலிக விசாவுல இருக்கிறவங்க பொதுவா துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு உண்டு. கிரீன் கார்டு கிடைச்சவங்க நிலைமை வேற. ஆக, வேலை விசாவுல இருந்துக்கிட்டு இதைச் சரியா விசாரிக்காம வாங்கினா, திருடன் வர்றதுக்கு முன்னாடி வழக்கு வந்துடும். கடைக்காரரை நம்பாம ஒரு வக்கீலைக் கேட்கணும்.

இது நமக்குப் புதுசு இல்ல. நம்ம நாட்டுத் தமிழர் சரித்திரத்திலேயே இருக்கு. 1948 ஜூன் 16-ல, மலைக்கு அந்தப் பக்கம் பேராக் சுங்கை சிப்புட்டில் மூணு வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டாங்க. அவசரகாலம் வந்தது. துரைமார் இடுப்புல பிஸ்டலோட தோட்டத்தைச் சுத்தினாங்க. அதே காலத்துல அனுமதி இல்லாம துப்பாக்கியோட பிடிபட்டவங்களுக்குத் தூக்குத் தண்டனை. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத் தலைவரா இருந்த எஸ்.ஏ. கணபதி ஒரு கைத்துப்பாக்கியோட பிடிபட்டார். இந்திய அரசாங்கம் கேட்டுக்கொண்டும் பலனில்லை. 1949 மே 4-ல புடு சிறையில் தூக்கிலிட்டாங்க. சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழருக்கும் துப்பாக்கி வைத்திருந்ததாகத் தூக்குத் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1950-ல தீர்ப்பு ரத்தாகி உயிர் பிழைச்சார். இன்னிக்கும் சட்டம் படிக்கிற பிள்ளைங்க அந்த வழக்கைப் படிக்கிறாங்க.

கணபதி வைத்திருந்தது என்ன மாடல்னு இன்னிக்கு யாராவது பேசுறோமா? யார் கையில இருந்தது, சட்டம் அவரை எப்படிப் பார்த்தது, அதுதான் உயிரை எடுத்தது.

ரெண்டாவது கேள்வி: சாவி யார்கிட்ட?

அந்தத் தம்பிக்கு நாலு வயசுல பெண் குழந்தை. நம்ம கோயில் உண்டியலுக்கே ரெண்டு பூட்டு போட்டு, சாவியை ரெண்டு பேர்கிட்ட கொடுத்திருக்கோம். உள்ள இருக்கிறது காசுதான். உயிரை எடுக்கிற சாமானைத் தலையணைக்கு அடியில வைக்கலாம்னு நினைக்கிறது எப்படி? "திருடன் வந்தா பெட்டியைத் திறந்துக்கிட்டு இருக்க முடியுமாண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். எண் அழுத்தினா சில நொடியில திறக்கிற சின்ன இரும்புப் பெட்டி அங்க கிடைக்குது. அதுவும் வேண்டாம்னா நான் ஒண்ணு கேட்கிறேன். திருடன் வாழ்க்கையில ஒரு ராத்திரி வரலாம், வராமலும் போகலாம். குழந்தை தினமும் வீட்டுல இருக்கு. அலமாரியைத் தினமும் திறக்குது. எந்த ஆபத்து பக்கத்துல இருக்கு?

மூணாவது கேள்வி: பழக நேரம் இருக்கா?

ஃபேக்டரியில நான் புது ஆளுக்குச் சொல்ற முதல் பாடம், மெஷின் நின்னுடுச்சுன்னா செத்துடுச்சுன்னு நினைக்காதே. ரோலர் நின்னிருக்கும், கரண்ட் உள்ள இருக்கும். மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில போட்ட பிறகுதான் கை உள்ள போகணும். துப்பாக்கியிலும் அதே கதைதான். தோட்டா அடுக்கை கீழே கழட்டிட்டா காலின்னு நினைப்பாங்க. ஏற்கனவே குழலுக்குள்ள ஏறின ஒரு தோட்டா அங்கேயே உட்கார்ந்திருக்கும். குளோக்கைத் துடைக்கக் கழட்டணும்னா விசையை ஒரு தடவை அழுத்தியே ஆகணும். உள்ள பார்க்காம அழுத்தினா வெடிக்கும். மேலும் அதுல கட்டை விரலால போடுற பாதுகாப்பு பட்டன் சாதாரணமா கிடையாது. பாதுகாப்பு எல்லாம் உள்ளேயும் விசையிலேயும் இருக்கு. விரல் விசையில பட்டு அழுத்தினா சுடும். 17-ம் அப்படித்தான், 19-ம் அப்படித்தான். மாசத்துல ஒரு நாளாவது பயிற்சிக்குப் போய் கையைப் பழக்காதவருக்கு ரெண்டுமே ஒத்து வராது.

ஆகவே என் கருத்து இதுதான். மூணு கேள்விக்கும் சுத்தமான பதில் இருந்தா 17 வாங்குங்க, 19 வாங்குங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஒண்ணுக்குப் பதில் இல்லைன்னாலும் வாங்காதீங்க. நல்ல கதவுப் பூட்டு, வாசல்ல ஒரு விளக்கு, ஒரு கேமரா, பக்கத்து வீட்டுக்காரர் நம்பர். இதுக்கு விசா யாரும் கேட்கமாட்டாங்க.

கடைசியா நம்ம ஊர்ப் பசங்களுக்கு. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் சில பிள்ளைங்க ஆன்லைன்ல நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கிறதை வாங்கி, படம் எடுத்துப் போடுறாங்க. இங்க 1960-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, போலி துப்பாக்கிக்கே ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ரெண்டும் சேர்த்துக் கிடைக்கலாம். நிஜமானதை அனுமதி இல்லாம வைத்திருந்தா 1971-ம் ஆண்டுச் சட்டத்துல 14 ஆண்டு வரை சிறை, அதோட ஆறுக்குக் குறையாத பிரம்படி. பதினெட்டு வயசுப் பையனுக்கு அது என்ன ஆகும்னு பெத்தவங்க யோசிங்க. பிள்ளைங்களுக்கு வர்ற பார்சலைத் திறந்து பாருங்க, தப்பில்ல.

ஆயுத பூஜைக்கு நாம சாமி முன்னால வைக்கிறது கொழுந்து வெட்டுற கத்திரி, மண்வெட்டி, ஸ்பேனர். நம்மை வளர்த்த ஆயுதம் அதுதான்.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, மரியாதையோட பேசுவோம். அமெரிக்காவுல பிள்ளைங்க இருக்கிற பெத்தவங்க இதை அவங்களுக்கு அனுப்பி வையுங்க.

ஞாயிறு காலை 8 மணிக்குக் கோயில் கூட்டுப்பணி. துடைப்பம், வாளி கொண்டு வாங்க.


உங்கள் கோயில் தொண்டன்