புதுப் பெட்டரி வந்துவிட்டது. பழையது எங்கே போகிறது?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பலன் இப்போது கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலைக் கடைகளின் வாசலில் வந்து நிற்கிறது. ஐந்து வருடம் பழைய வண்டிகளையே தட்டிக்கொட்டி ஓட்டிய தோட்டப்பகுதிக்குள் ஹைபிரிட்டும், நிற்கும்போது எஞ்சின் தானாக அணையும் ஐடில் ஸ்டாப் வண்டியும் ஏறி வருகின்றன. எம்-42, என்-55, கியூ-85 என்று இலக்கம் போட்ட பெட்டரிகள் நம் மேசைக்கு வந்தாயிற்று. இந்த நேரத்தில் நம் பெட்டரித் தொழிலுக்கு ஒரு தெளிவான நிலைப்பாடு வேண்டும்.

முதலாவது, ஐடில் ஸ்டாப் வண்டிக்குச் சாதாரண பெட்டரி வைப்பதில்லை. எம்-42 இருந்த தட்டில் 40பி20 அளவாக உட்காரும், ஸ்டார்ட்டும் ஆகும், விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு மலை வளைவிலும் நின்று கிளம்பும் வண்டியில் அந்தப் பிளேட்டுகள் நெடுநாள் தாங்கா. ப்ரியஸ், அக்வா போன்றவற்றில் இது விலைப் பேச்சோடு நிற்பதில்லை. அவற்றில் பலவற்றின் 12 வோல்ட் பெட்டரி, ஆட்கள் உட்காரும் அறையோடு சேர்ந்தே இருக்கிறது. எஸ்34பி20 இருந்த இடத்தில் வென்ட் குழாய் இல்லாத பெட்டரியை வைத்தால், சார்ஜ் ஏறும்போது கிளம்பும் வாயு குழந்தைகள் இருக்கும் பின்சீட்டுக்குப் போகும். வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் இதற்கு ‘முடியாது’ என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சார்ஜ். 14.4 வோல்ட் என்பது 25 பாகை வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. தை மாதக் காலையில் கடைக்குள் 12 பாகை இருந்தால் இன்னும் ஏறத்தாழ கால் வோல்ட் வேண்டும். ஏஜிஎம் பெட்டரிக்கு அதன் கம்பனி குறித்த உச்சத்தைத் தாண்டக் கூடாது. ஹைட்ரோமீட்டரும் குளிரில் கூட்டியே காட்டும். 27 பாகைக்குக் கீழே ஒவ்வொரு 10 பாகைக்கும் 0.007 கழிக்க வேண்டும். 12 பாகையில் 1.265 என்று நின்றால் உள்ளே இருப்பது 1.255 தான். நிரம்பிவிட்டது என்று கொடுத்தனுப்பும் பெட்டரி சல்பேட் பிடித்துத் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மழைக்காலத்தில் சாரலுக்குப் பயந்து கதவை இழுத்து மூடிவிட்டு உள்ளே வரிசையாகச் சார்ஜ் போடும் பழக்கத்தையும் விட்டாக வேண்டும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு பொறி போதும். கூரையோரம் திறப்பு வையுங்கள். சார்ஜரை நிறுத்திய பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள்.

இவையெல்லாம் நம் கையில் இருப்பவை. நம் கையை மீறியதைப் பற்றித்தான் இந்த இதழ் நெடுநாளாகப் பேசி வருகிறது. புதிதாக ஒன்று ஏற, பழையது ஒன்று இறங்குகிறது. அது எங்கே போகிறது?

பழைய இரும்பு வாங்க வருபவர், “அசிட்டக் கொட்டிட்டுக் குடுங்க, நிறுப்போம்” என்கிறார். கடைப் பையன் மூடிகளைக் கழற்றி, பெட்டரியைக் கான் ஓரத்தில் சாய்க்கிறான். சிமெந்து நுரைத்துப் பொங்குகிறது; சாம்பல் நிறச் சேறு வழிந்து ஓடுகிறது. அவன் கையில் உறை இல்லை, கண்ணில் கண்ணாடி இல்லை. சாயங்காலம் அதே சட்டையோடு லயத்துக்குப் போய்த் தம்பி தங்கையைத் தூக்குகிறான். கானில் போனது கொத்மலை ஓயாவில் கலந்து, மகாவலிக்குப் போகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரி 1ஆம் திகதி 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானி வந்தது. கழித்த ஈய அசிட் பெட்டரி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. உரிமம் இல்லாமல் அதைச் சேர்க்கவோ ஏற்றவோ உடைக்கவோ கூடாது. அந்த வர்த்தமானி அச்சான அதே மாதங்களில்தான், செனகல் தலைநகர் டாக்கரின் தியாரோய் சுர் மேர் பகுதியில் பழைய பெட்டரி ஈயத்தால் 18 குழந்தைகள் செத்துப்போனார்கள். அங்கேயும் அது ஏழைகள் வீட்டு முற்றத்தில் நடந்த வேலைதான். குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வர்த்தமானி வந்து பதினேழு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் கடைக்காரர்கள் ஓர் அலுவலகத்துக்குப் போய், ‘பழைய பெட்டரியை எங்கே, எந்த நாளில், யாரிடம் கொடுப்பது?’ என்று கேட்டால், கொழும்பில் விசாரிக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். துறைமுகத்தில் ஒரு வாகனத்துக்கும் வரியை விடாமல் வாங்கும் அரசுக்கு, அதே வாகனத்தின் பெட்டரி ஒருநாள் கழிக்கப்படும் என்பது மட்டும் எப்படி நினைவில் நிற்காமல் போகிறது? மலையகத்தின் தேயிலையும் தண்ணீரும் கொழும்புக்கு வேண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் ஈயம் கலக்காமல் பார்க்கும் பொறுப்பு மட்டும், நாட்கூலிக்கு நிற்கும் ஒரு பையனின் தலையில் விழுகிறது. நாளைக்குச் சோதனை என்று வந்தால் முதல் வழக்கும் சின்னக் கடையின் மேல்தான் பாயும்.

அரசுக்கு நாம் சொல்லும் வழி சுலபமானது. புதுப் பெட்டரி ஏற்றிக்கொண்டு மலைக்கு வரும் விநியோக லொறி காலியாகத்தான் இறங்குகிறது. விற்ற எண்ணிக்கைக்குப் பழையதை அசிட்டோடு முழுதாகத் திருப்பி எடுக்க வேண்டும் என்று இறக்குமதி அனுமதியிலேயே நிபந்தனை போடுங்கள். அந்த லொறிக்கு உரிமம் கொடுங்கள். உடையாத பெட்டரிக்குக் கூடுதல் விலை வையுங்கள். கடைகளுக்கான படிவத்தையும் அறிவுறுத்தலையும் தமிழில் அனுப்புங்கள்.

நம் பங்கை இன்றே தொடங்குவோம். பழைய பெட்டரியை நிமிர்த்தியபடி, பிளாஸ்டிக் தட்டில், டெர்மினலை டேப் சுற்றி, கூரைக்குக் கீழே வையுங்கள். அசிட்டைக் கொட்டச் சொல்பவருக்கு விற்காதீர்கள். அதனால் கிடைக்காமல் போகும் சில நூறு ரூபாயை நம் பையன்களுக்காக விட்டுக்கொடுப்போம். ஒவ்வொரு பெட்டரிக்கும் திகதியோடு ஒரு வரி எழுதி வையுங்கள். அதிகாரிகள் வரும்போது அந்தக் கொப்பியை நீட்டி, இத்தனை பெட்டரியை நாங்கள் கானுக்குப் போகாமல் காத்து வைத்திருக்கிறோம், ஏற்றிப்போக உங்கள் லொறி எப்போது வரும் என்று நேராகக் கேட்போம்.