கழிமுகக் காடும் வாய்க்கால் கணக்கும்

சிதம்பரத்திற்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விளங்கும் பிச்சாவரம் கழிமுகக் காட்டைப்பற்றிக் கூட்டுறவு ஏட்டில் எழுதுவானேன் என்று நம் அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். தறிக்கும் ஏருக்கும் அக்காட்டிற்கும் யாது தொடர்பு என்பது அவர்தம் ஐயம். நம் வயல்களில் பாய்ந்து வடிந்த நீர் கடலைச் சேருமுன் தங்கிச் செல்லும் இடங்களுள் அது ஒன்று. அன்றியும், அழிவின் விளிம்பிலிருந்த அக்காடு மீண்ட வரலாறு, பெயரளவில் இல்லாவிடினும், உண்மையில் ஒரு கூட்டுறவு வரலாறேயாகும்.

2022ஆம் ஆண்டில் பிச்சாவரம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. அதனை நாம் மகிழ்ச்சியுடன் வரவேற்கிறோம். எனினும், அறிவிப்புக்குப் பின் எங்கும் எழுந்த பேச்சு, இனி எத்தனை இலட்சம் கன்றுகள் நடலாம் என்பதாகவே இருக்கக் கண்டோம். 2023ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட ‘மிஷ்டி’ திட்டமும் கடற்கரை ஓரங்களில் அலையாத்தி மரங்களை வளர்ப்பதையே நோக்கமாகக் கொண்டது. கன்று நடுதல் நன்றே. ஆனால் பிச்சாவரம் கற்பித்த பாடம் வேறு.

அம்மரங்களின் இயல்பைச் சிறிது அறிந்தால் இது விளங்கும். சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட காய்போல் தொங்கிப் பின்னர் சேற்றில் விழுகிறது. வெண்கண்டல் சேற்றினின்று மேல்நோக்கி வேர்களை நீட்டி மூச்சுவிடுகிறது. உண்ட உப்பை இலையின் வழியே கக்குகிறது. சிதம்பரத்திற்குத் தன் பெயரை அளித்த தில்லை மரத்தை இன்று காண வேண்டுவோர் கோயிலைச் சுற்றித் தேடிப் பயனில்லை, இக்கழிக்கே வரவேண்டும். (அதன் பால் கண்ணிற் படாமற் பார்த்துக்கொள்வது நலம்.) கடலில் பிறக்கும் இறாற்குஞ்சுகள் கழிக்குள் புகுந்து, உதிர்ந்த இலைகள் மக்கி உண்டாகும் உணவால் வளர்ந்து, பின்பே கடலுக்குத் திரும்புகின்றன. இருளர் குடும்பத்தார் இடுப்பளவு நீரில் கைகளால் துழாவி இறால் பிடித்து, வாயிற் கவ்விய ஓலைப் பறியில் இட்டு வாழ்க்கை நடத்துவது இதனாலேயே இயலுகிறது.

உப்பைத் தாங்கும் இம்மரங்களும் உப்பு அளவு மீறினால் மடியும் என்பதே நாம் மனத்திற்கொள்ள வேண்டுவது. ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970களின் நடுப்பகுதி வரையில், காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றையும் முறைவைத்து முற்றிலும் வெட்டி விற்கும் ‘கூப்பு’ முறை அங்கே நடைமுறையில் இருந்தது. வெட்டிய இடம் தானே தழைக்கும் என்று கருதினர், அது தழைக்கவில்லை. மரநிழல் நீங்கவே வெயிலில் மண் காய்ந்து தாழ்ந்தது. நடுவில் தொட்டிபோற் குழிந்தது. ஓதத்தின்போது ஏறிய கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. ஆண்டுதோறும் இவ்வாறு உப்பு ஏற ஏற, முளைத்த கன்றும் கருகிற்று. இதற்கிடையில், காடு அழிவதற்கு ஆடு மாடு மேய்ப்போரும் விறகு பொறுக்குவோருமே காரணம் என்று நெடுங்காலம் பேசப்பட்டு வந்தது. ஏழையின்மேற் பழி போடுதல் எளிது; கோப்பில் எழுதுவது அதனினும் எளிது.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் சுற்றியுள்ள கிராம மக்களும் ஒன்றுகூடி மேற்கொண்ட பணி, நோயின் மூலத்தை நாடிய பணியாகும். இயற்கை ஓடையிலிருந்து தொட்டி நிலத்தின் ஊடே ஒரு பெரிய வாய்க்காலை வெட்டி, அதன் இருபுறமும் மீன் முள்ளைப்போல் சாய்வாகக் கிளை வாய்க்கால்களைப் பிரித்தனர். ஓதம் ஏறுகையில் நீர் வந்தது. வற்றுகையில் வடிந்து சென்றது. மண்ணில் உறைந்திருந்த உப்பும் அத்துடன் கரைந்து போயிற்று. அதன் பின்னரே வாய்க்காற் கரைச் சரிவில் கன்றுகள் நடப்பெற்றன. செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு நடத்திய ஆய்வொன்று, 1986க்கும் 2002க்கும் இடையில் காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு பெருகியதாகக் கண்டது. எந்தப் பாங்கும் இத்தகைய வட்டியைத் தந்ததாக நாம் அறியோம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையின்போது இக்காடு பின்னிருந்த ஊர்களைக் காத்தது என்பர். ஆய்வாளர் சிலர் இதனை நிறுவினர். வேறு சிலர், ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே பெரிதும் காரணம் என்று மறுத்தனர். அவ்வாதம் எப்படி முடியினும், இறாலும் மீனும் பற்றிய கணக்கு மாறாது.

இனி நம் துறைக்கு வருவோம். வெட்டிய வாய்க்கால் வெட்டியபடியே நில்லாது. வண்டல் சேரும், கரை சரியும். சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்து பழகிய நமக்கு இது புதிதன்று. மானியத்தில் வாங்கிய இயந்திரம் பழுது பார்க்கப் பணமின்றிக் கொட்டகையில் துருவேறி நிற்பதையும், வாங்கிய நாளன்று மாலை சூட்டி எடுத்த படம் அதன் நேர்மேலே தொங்குவதையும் நாம் பல இடங்களிற் காண்கிறோம். புதியதற்குப் பணம் கிடைக்கும், பராமரிப்பிற்குக் கிடைக்காது. கன்றுகளை எண்ணி அறிக்கை எழுதலாம். வாரிய வண்டலை யார் எண்ணுவர்?

ஆதலின், ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பதிவேடு வேண்டும் என்பதும், தூர்வாரும் பணியை வெளியூர் ஒப்பந்தக்காரருக்கு விடாமல் அவ்வூர் மக்களைக்கொண்ட தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடமே ஆண்டுதோறும் ஒப்படைக்க வேண்டும் என்பதும் நம் துணிபு. இருளர் குடும்பங்கள் அதில் பெயரளவில் அன்றி வாக்குரிமையுடன் இடம்பெறுதல் வேண்டும். செலவுக்கு வழியில்லை என்று எவரும் சொல்ல இயலாது. ‘இதயக்கனி’ படம் எடுத்த இடம் என்று கேள்வியுற்று வந்து படகேறுவோர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கைக் காப்பு நிதியாக ஒதுக்கினால் போதும். வனத்துறையின் மேற்பார்வை தொடரட்டும். அதனை நாம் மறுக்கவில்லை. பூட்டும் காவலுமே காட்டைக் காக்கும் என்னும் கருத்தைத்தான் மறுக்கிறோம்.

கழிக்கு நன்னீரும் வேண்டும். 1836இல் அணைக்கரையில் கீழணையும் 1934இல் மேட்டூர் அணையும் எழுந்தபின், கொள்ளிடத்தின் கடைப்பகுதிக்கு நீர் வருவது பெரும்பாலும் வெள்ளக் காலத்தில்தான். எஞ்சிய நாட்களில் பிச்சாவரத்தை அடையும் நன்னீரில் ஒரு பகுதி, கான்சாகிப் வாய்க்கால் வழியே வரும் நம் வயல்களின் வடிகால் நீரே. அளவின்றி உரமும் பூச்சிமருந்தும் இடும் விவசாய அன்பர்கள் அது எங்கே போகிறது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். நெசவாளரும் விலக்கல்லர். நொய்யலின் குறுக்கே கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் நம் சாயத்தொழிற் சங்கங்கள் மறந்திருக்கமாட்டா. நொய்யல் சேருமிடம் காவிரி.

கடலூர், மயிலாடுதுறை மாவட்டச் சங்கங்கள் வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் இதனை விவாதித்து, வாய்க்கால் பராமரிப்பை உள்ளூர்ச் சங்கங்களுக்கு அளிக்குமாறு தீர்மானம் நிறைவேற்றிக் கூட்டுறவுத் துறைக்கும் வனத்துறைக்கும் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் வண்டல் வார வேண்டுமாயின், தீர்மானம் ஆடி மாதத்திற்குள் அலுவலகங்களுக்குச் சென்று சேர்தல் நலம்.