சேர்ந்த தேதி

போன மாதம் ஒரு பையன் பட்டறைக்கு வேலை கேட்டு வந்தான். 22 வயது, ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்தவன். வெர்னியரைக் கொடுத்து ஒரு புஷ்ஷை அளக்கச் சொன்னேன், சரியாகச் சொன்னான். மாதம் 18,000 என்றேன். தலையாட்டிவிட்டுக் கேட்டான்: "ஏனுங்ணா, இ.எஸ்.ஐ. புடிப்பீங்களா? எத்தனை மணிக்கு விடுவீங்க? ஓ.டி. பாத்தா டபுளுங்களா?"

அவன் போனதும் எங்கள் மூத்த டர்னர் சொன்னார்: "வேலைக்கு வந்தானா, விசாரணைக்கு வந்தானா தம்பி?" எனக்கும் கோபம்தான். கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதே புலம்பல். பசங்களுக்கு உடம்பு வணங்கறதில்ல, நாலு நாள் வந்துட்டு போனை ஆஃப் பண்ணிடறானுங்க.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் இடது சுட்டுவிரலைத் தடவிக்கொண்டே படுத்திருந்தேன். 1994-இல் வேறொரு பட்டறையில் வேலை செய்தேன், வயது 19. ஓடுகிற ஷாஃப்டில் எமரிப் பட்டையைச் சுற்றிப் பிடித்து மெருகு ஏற்றிக்கொண்டிருந்தபோது, பட்டை சிக்கி விரலையும் சேர்த்து இழுத்துவிட்டது. நுனி போய்விட்டது. முதலாளி ஸ்கூட்டரில் கூட்டிப்போய்க் கட்டுப் போட வைத்து, சட்டைப் பையில் 500 ரூபாய் வைத்தார். வேலைக்குப் போகாத 12 நாளுக்குச் சம்பளம் இல்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் அம்மா அவர் வீட்டுக்கு முருங்கைக்காய் கொடுத்தனுப்பினார்.

இதைத்தான் விசுவாசம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் என் அப்பா அப்படி இல்லை. மில் தொழிலாளி. சங்கத்தில் சந்தா கட்டினார், போனஸுக்கு கேட் முன்னால் உட்கார்ந்தார், ஓய்வு பெறும்போது பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் வாங்கினார். மில்கள் ஒவ்வொன்றாக மூடியபிறகு சின்னப் பட்டறைகளுக்குள் வந்த என் தலைமுறைதான் கேட்பதையே மறந்தது. அந்தப் பையன் கேட்டது புதுக் கேள்வி இல்லை, என் அப்பாவின் கேள்வி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் 11 பேர். பதிவேட்டில் 9 பேர். 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ. கட்டாயம். இந்தக் கணக்கு எங்கள் தெருவில் பலருக்கும் தெரியும். 18,000 சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். என் பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். இரண்டு மூன்று கார்பைடு இன்செர்ட் வாங்குகிற காசு. இன்செர்ட் உடைந்தால் யோசிக்காமல் புதிது மாட்டுகிறோம்.

பதிவேட்டில் இல்லாத அந்த இரண்டு பேரும் பீகார்க்காரர்கள். "வடக்கத்திப் பசங்க கேள்வியே கேக்கறதில்ல" என்று பாராட்டுகிறோமே, அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? பாஷை தெரியாது. படுக்கிற அறையும் நான் கொடுத்தது. வேலை போனால் அன்றைக்கே அறையும் போய்விடும்.

இளைஞர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்லவில்லை. டூல் வெட்டுகிற சத்தத்தை வைத்தே அது மழுங்கிவிட்டதா என்று சொல்வதற்கு இரண்டு மூன்று வருடம் மிஷின் முன்னால் நிற்க வேண்டும். சக்கில் பாதி வெட்டிய ஷாஃப்டை விட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் நின்றுவிடுவது தொழிலுக்குச் செய்கிற துரோகம். ஆனால் நின்று கற்றுக்கொள்ள நாங்கள் என்ன உறுதி கொடுத்தோம்? "பாத்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தைதான். வேலை நேரம், ஓ.டி., ஆறு மாதத்துக்கு ஒருமுறை எவ்வளவு உயர்வு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட எந்த முதலாளிக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதைச் செய்யாமல் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பையனைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டேன். 12 பேருக்கும் தாள் எழுதினேன். பீகார்ப் பையன்களுக்கு இந்தியிலும் ஒரு பிரதி. மூத்த டர்னர் கடைசியாக வந்தார். பனியன் வேஸ்ட்டில் கை துடைத்தபடி வெகுநேரம் நின்றார்.

"எனக்குச் சேர்ந்த தேதி என்ன போடுவீங்க தம்பி?"

பதிவேட்டில் அவர் பெயர் 2021-இலிருந்துதான் இருக்கிறது. கிராஜுவிட்டி என்றால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம். பட்டறை திறந்த அன்று முதல் மிஷினை ஓட்டியவர் அவர்தான்.

22.8.2005 என்று எழுதினேன்.