கடைசியாப் போறவன் லைட்டை அணைக்கணும்!



7805-ஐத் தெரியாத எலக்ட்ரானிக்ஸ் மாணவன் உண்டா? மூன்று கால். உள்ளே 12 வோல்ட் கொடுத்தால் வெளியே 5 வோல்ட். அரை ஆம்பியர் இழுத்தால் 3.5 வாட் சூடாகப் போகும், ஹீட்சிங்க் மாட்டணும் என்று வைவாவில் மடமடவென்று ஒப்பிப்போம். மார்க்கும் வாங்கிவிடுவோம்.

ஆனால் ரெகுலேட்டரை எப்போது ஆன் செய்வது, எப்போது ஆஃப் செய்வது, யார் செய்வது? ஹார்டுவேர்காரன் "அது புரோகிராம் வேலைப்பா" என்பான். புரோகிராம்காரன் "அது போர்டு வேலை" என்பான். நடுவில் பேட்டரிதான் சாகும்!

எங்கள் புராஜெக்ட் கதையைக் கேளுங்கள். சின்ன லினக்ஸ் போர்டு. ஒரே 3.3 வோல்ட் லைனில் வெப்பநிலை சென்சாரும் டிஸ்பிளேயும். சென்சார் டிரைவர் எழுதியது அடியேன். பேட்டரி மிச்சமாகட்டுமே என்று, ரீடிங் எடுத்ததும் ரெகுலேட்டரின் எனேபிள் பின்னை நேரடியாக லோ ஆக்கிவிட்டேன். டிஸ்பிளே அவுட்! அதைச் செய்த நண்பன், டிரை சால்டர் என்று நினைத்து ராத்திரி முழுக்க சால்டரிங் அயனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். தப்பு சால்டரில் இல்லை, நான் எழுதிய ஒரு வரியில்.

இந்தச் சண்டை வரக்கூடாது என்றுதான் லினக்ஸில் 2008-ல், 2.6.27 கெர்னலில், ரெகுலேட்டர் ஃபிரேம்ஒர்க் சேர்ந்தது. அதன் தத்துவம் நம் ஹாஸ்டல் ரூம் சட்டம்தான்: கடைசியாப் போறவன் லைட்டை அணைக்கணும். டிரைவர் முதலில் 'கெட்' என்று சப்ளையைக் கேட்டு வாங்க வேண்டும். 'எனேபிள்' என்றால் கணக்கில் ஒன்று கூடும், 'டிஸேபிள்' என்றால் ஒன்று குறையும். கணக்கு பூஜ்யமானால்தான் லைன் நிஜமாக அணையும். நான் இதைப் பயன்படுத்தியிருந்தால் நண்பன் அன்றைக்குத் தூங்கியிருப்பான்.

இதிலும் நாம் வழுக்கும் இடங்கள் உண்டு. 'டெவ்எம்' வகை கெட் போட்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்கிறோம். அது வாங்கிய சப்ளையைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். நாம் தனியாகப் போட்ட எனேபிளுக்கு நாம்தான் டிஸேபிள் போடணும். புரோப் பாதியில் தோற்றாலும் அப்படியே. இன்னொன்று: கெட் கேட்டதும் 'புரோப் டிஃபர்' என்று பதில் வந்தால் பதறாதீர்கள். சப்ளை கொடுக்கும் சிப்பின் டிரைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பதிலை அப்படியே திருப்பி அனுப்புங்கள், கெர்னல் பிறகு மறுபடி கூப்பிடும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஒரு குறுக்கு வழியைப் பார்த்துத்தான். வேலை செய்யவில்லையா? டிவைஸ் ட்ரீயில் 'ஆல்வேஸ் ஆன்' என்று ஒரு வரி! டெமோ ஜோராக ஓடும், எக்ஸ்டெர்னலும் தலையாட்டிவிடுவார். பிராசஸர், மெமரி லைனுக்கு அது நியாயம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பேசும் சென்சாருக்கு எதற்கு? வயல் நடுவில் பேட்டரியில் ஓடும் கருவிக்கு அந்த ஒரு வரிதான் எமன்.

ஆன் செய்யத் தெரிந்தவன் பாதி டிரைவர்தான் எழுதியிருக்கிறான். அணைக்கவும் தெரிந்தால்தான் முழு டிரைவர். ஆகவே தோழர்களே, அடுத்த முறை டிரைவர் எழுதி முடித்ததும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மல்டிமீட்டரை சப்ளை லைனில் வையுங்கள். டிரைவரைக் கழற்றுங்கள். வேறு யாரும் அந்த லைனைப் பயன்படுத்தாதபோது முள் கீழே இறங்குகிறதா? இறங்கினால் ரெக்கார்டு நோட்டில் தைரியமாகக் கையெழுத்து வாங்கலாம். இறங்கவில்லையா? உட்காருங்கள், இன்னும் வேலை பாக்கி இருக்கு!