குண்டைக் கனமாக்கினா குழல்தான் வெடிக்கும்

மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம் வந்தாச்சுங்க. டீக்கடையில விலைவாசிப் பேச்சு போயி காட்டுப்பன்னிப் பேச்சு வந்திருச்சு. பேச்சு எங்கெங்கயோ சுத்தினாலும் கடைசியா ஒரே இடத்துலதான் வந்து நிக்குது. "சின்ன ரவையெல்லாம் அதுக்கு எறும்பு கடிச்ச மாதிரிதான். குண்டைக் கனமாப் போட்டு, மருந்தையும் ஒரு கை சேர்த்துக் கெட்டினா அங்கயே விழுந்துரும்."

இதைச் சொல்றவங்க யாரோ இல்லை. நம்ம மாமன் மச்சான், பக்கத்துத் தோட்டத்துக்காரங்க. அதனால பூசி மெழுகாம எழுதறேன். இந்தப் பேச்சு தப்பு. உசுருக்கு உலை வைக்கிற தப்பு. ஆனா நம்ம ஆளுகளை இப்படிப் பேச வெச்சது யாருங்கறதையும் சேர்த்துத்தான் பேசணும்.

முதல்ல குண்டுக் கணக்கு. துப்பாக்கிக் குழலுக்குள்ள மருந்து எரிஞ்சு புகையாகுது. அந்தப் புகைக்குப் போக ஒரே வழி குண்டைத் தள்ளிக்கிட்டு முன்னாடி போறதுதான். குண்டு கனமா இருந்தா நகர நேரமாகும். அது நகர்றதுக்குள்ள உள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே போகும். குண்டையும் கூட்டி மருந்தையும் கூட்டினா அந்த அழுத்தம் எங்க போகும்? குழலைப் பொளந்துகிட்டுத்தான் வெளிய வரும். தண்ணிக் குழாயை வெட்டிப் பண்ணின நாட்டுத் துப்பாக்கின்னா கேக்கவே வேண்டாம். கன்னத்தை ஒட்டி, கண்ணுக்கு நாலு விரக்கடை தூரத்துல வெடிக்கிற சாமான் அது.

அமெரிக்காவுல வேட்டைக்காரங்க வீட்டுலயே தோட்டா நிரப்பறாங்க, அங்க அது சட்டப்படி சரி. யூடியூப்ல அதைப் பார்த்துட்டுத்தான் நம்ம பசங்க சில பேரு துள்ளறாங்க. அவங்க எப்படிச் செய்யறாங்கன்னு முழுசாப் பாருங்க தம்பிகளா. 150 கிரெய்ன் குண்டுல இருந்து 180 கிரெய்ன் குண்டுக்குப் போனா, அதே மருந்துல அளவைக் கூட்ட மாட்டாங்க, குறைப்பாங்க. 150 கிரெய்ன்னா கிட்டத்தட்ட 9.7 கிராம், 180 கிரெய்ன்னா 11.7 கிராம். இந்த ரெண்டு கிராம் வித்தியாசத்துக்கே அச்சடிச்ச கையேட்டைப் பார்த்து, தராசுல நிறுத்து, குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு, துளித்துளியா ஏத்தி, ஒவ்வொரு தடவையும் வெடிச்ச தோட்டாக் கூட்டை எடுத்துப் பார்ப்பாங்க. குண்டு கனமாக ஆக நீளமும் ஆகும். அதைச் சுழட்டி விட குழலுக்குள்ள இருக்கிற திருகுவரி பத்துமான்னும் பார்ப்பாங்க. நம்மகிட்ட என்ன இருக்கு? தராசும் இல்லை, கையேடும் இல்லை, திருகுவரியும் இல்லை. உள்ளங்கைக் குழிதான் அளவு. சட்டத்தையும் சொல்லிடறேன். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறதே குற்றம்.

இன்னொண்ணு, பால்ரஸ் குண்டு. இரும்பைவிடக் கெட்டியான உருக்கு அது. ஈயம் மாதிரி நசுங்காது. குழலையும் கீறும், பாறையில பட்டா எங்க திரும்பும்னு சொல்ல முடியாது. ராத்திரி நேரத்துல நாலு பக்கமும் சாளை இருக்கிற தோட்டத்துல இதை வெச்சு விளையாடறதுக்குப் பேரு காவல் இல்லீங்க.

பன்னியோட உடம்பையும் கொஞ்சம் யோசிங்க. வளர்ந்த ஆண் பன்னிக்குத் தோள்பட்டை மேல கேடயம் மாதிரி தடிச்ச தோல் இருக்கு. உருண்டைக் குண்டு காத்துல சீக்கிரமே வேகம் இழந்துடும். குத்துமதிப்பா சுட்டா அது சாகாது. காயத்தோட கரட்டுக்குள்ள போயி, புழு வெச்சு, பல நாள் கிடந்து சாகும். இல்லாட்டி, விடியக்காலம் தண்ணி கட்டப் போற பொம்பளையாளு மேல பாயும். பயிரைக் காப்பாத்தப் போயி ஆளைப் பறிகொடுக்கிற கதை இது.

சரி, இது நம்ம பக்கத்துத் தப்பு. இனி அந்தப் பக்கம்.

அதே 1959 சட்டத்துல 13-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. பயிர்ப் பாதுகாப்புக்குன்னு விவசாயி கேட்டா, வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம்னு இருக்கு. அதாவது, அளவு பார்த்துத் தொழிற்சாலையில அடைச்ச தோட்டா டவுன்ல பாதுகாப்புக்குத் துப்பாக்கி வாங்கறவருக்கு. கையால அளந்து கெட்டிக்கிற மருந்து காட்டுல இருக்கிறவனுக்கு. எது ஆபத்தோ அதை நம்ம தலையில கட்டிட்டு, "பார்த்துக் கெட்டுப்பா"ன்னா என்ன நியாயம்? அதே பிரிவுல ஒரு விதிவிலக்கும் இருக்குதுங்க. அந்தத் துப்பாக்கி பயிர்ப் பாதுகாப்புக்குப் போதாதுன்னு அதிகாரிக்குத் தோணினா, திருகுவரி இல்லாத வேற குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். அறுபது வருசத்துக்கு மேல எழுத்துல இருக்கு. இது இருக்குன்னு எங்க ஊருல எத்தனை பேருக்குத் தெரியும்? மனு கொடுக்கப் போனா யாராவது எடுத்துச் சொல்றாங்களா?

லைசென்ஸ் இருந்தாலும் வேலைக்காகுமா? 1972 வனவிலங்குச் சட்டத்துல 2022 திருத்தத்துக்கு அப்புறம் காட்டுப்பன்னி ரெண்டாவது அட்டவணையில இருக்கு. துப்பாக்கிக்கு லைசென்ஸ் தனி, பன்னியைச் சுட அனுமதி தனி. 11-வது பிரிவுல, நிக்கிற பயிரை அழிக்கிற விலங்கை வேட்டையாட எழுத்து மூலம் அனுமதி தரலாம்னு இருக்கு. அந்த எழுத்தைக் கையில வாங்கறதுக்குள்ள சோளம் அறுவடையும் முடியும், பன்னி குட்டியும் போடும்.

தேர்தல் வந்தா இன்னும் கூத்து. 2024-ல மார்ச் 16-ல இருந்து ஜூன் 6 வரைக்கும் நடத்தை விதி. எங்க பக்கம் துப்பாக்கியெல்லாம் ஸ்டேசன்ல. பன்னிக்கு மட்டும் நடத்தை விதி கிடையாதுபோல.

2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு முடிவு சொல்லுச்சு. காப்புக்காட்டு எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது. ஒண்ணுல இருந்து மூணு கிலோமீட்டருக்குள்ள புடிச்சுக் காட்டுல விடணும். மூணைத் தாண்டினா வனத்துறையே சுடும். வரவேற்கிறேன். ஆனா காட்டோரத்துல தோட்டம் வெச்சிருக்கிறவன்தானே அதிகம் அடிபடறவன்? அவனுக்கு என்ன வழி? பக்கத்துல கேரளாவைப் பாருங்க. 2022-ல பஞ்சாயத்துத் தலைவருக்கே உத்தரவு போடற அதிகாரத்தைக் கொடுத்தாங்க. லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்களைக் கொண்டு சுடலாம். விஷம், வெடி, கரண்டு கூடவே கூடாதுன்னும் அதுலயே எழுதினாங்க.

வழி இல்லைன்னா என்ன நடக்கும்னு நாம பார்த்துட்டோமே. 2020-ல பாலக்காடு மாவட்டத்துல வெடி வெச்ச பழத்தைக் கடிச்ச கர்ப்பிணி யானை, வாய் சிதைஞ்சு ஆத்துத் தண்ணியில நின்னபடியே உசுரை விட்டுச்சு. 2023 மார்ச்சுல தர்மபுரி மாரண்டஅள்ளியில கரண்டு வேலியில மூணு யானை செத்துச்சு, ரெண்டு குட்டிக அங்கயே சுத்திச் சுத்தி வந்துச்சு. அவுட்டுக்காய் வைக்கிறவனை நான் எந்தக் காலத்துலயும் நியாயப்படுத்த மாட்டேன். அவன் வெச்ச காயில நம்ம பட்டி மாடு வாய் வைக்கவும் ரொம்ப நேரம் ஆகாது.

"பன்னியும் ஒரு ஜீவன்தானே"ன்னு டவுன்ல இருந்து சொல்ற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஜீவன்தாங்க. அதனாலதான் ஒரே குண்டுல வலி தெரியாமப் போகட்டும்னு சொல்றேன். இப்ப இருக்கிற ஏற்பாட்டுல அது வாய் கிழிஞ்சும், கரண்டுல கருகியும், பால்ரஸ் பட்டு அழுகியும் சாகுது. சுடவே கூடாதுன்னு கையெழுத்து வாங்கறவங்க, ராத்திரி பதினொரு மணிக்குப் பரண் மேல ஒரு நாள் வந்து உக்காருங்க.

நாம கேக்க வேண்டியது கனமான குண்டு இல்லீங்க. சேதம் நிரூபிச்ச விவசாயிக்கு அந்த 13-வது பிரிவு விதிவிலக்கைக் கொடு. கொடுக்கிறதுக்கு முன்னாடி சுடப் பயிற்சியும் பரீட்சையும் வை, தேறாதவனுக்குத் தராதே. காட்டோரத் தோட்டத்துக்கு வனத்துறையே ஆள் அனுப்பு. சேதத்துக்கு அடுத்த வெள்ளாமைக்கு முன்னாடி பணம் கொடு. அடுத்த கிராமசபையில இந்த நாலையும் தீர்மானமா எழுதி, படிச்சுக் காட்டச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்க.

அதுவரைக்கும் நாட்டுத் துப்பாக்கியில மருந்தைக் கூட்டற வேலை வேண்டாம் சாமீ. சோளம் போனா அடுத்த பட்டத்துல வெதைச்சுக்கலாம். கண்ணு போனா எதை வெதைச்சு எடுப்பீங்க?